ஒன்பது வருஷத்து மன்னிப்பு

மேற்கே மலை மறைந்துபோன காலையிலிருந்து குத்துக்கல்வலசைக் குளத்துக்கரையில் ஒருவரும் முதுகை நிமிர்த்தவில்லை. அந்த வருஷம், அறுபத்திரண்டில், வைகாசி முடியுமுன்பே சாரல் வந்துவிட்டது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று தென்காசிக்குப் போய்வந்தவர்கள் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்கள். செங்கல் அறுக்கிறவர்களுக்கு அது சிரிக்கிற சேதி அல்ல. களத்தில் இன்னும் சுடாத ஆறாயிரம் பச்சைக்கல் பாதி காய்ந்தும் பாதி காயாமலும் கிடந்தது. ஒரு நல்ல மழை விழுந்தால் அத்தனையும் மறுபடி சேறு.

அந்தச் சூளை ஏசுவடியானுடையது. பெரிய சூளை ஒன்றுமில்லை. அவர் குளத்தில் மண் வெட்டி வண்டியில் கொண்டுவருவார். அவர் மச்சினன் ஏசுதாசன் விடியுமுன் சேறு மிதித்து, வெயில் ஏறுவதற்குள் எண்ணூறு கல் அறுத்துவிடுவார். ஏசுவடியானின் மனைவி தங்கபுஷ்பமும், கூலிக்கு வரும் முப்பிடாதியும் கல்லைத் திருப்பிப்போட்டு, காய்ந்ததை அடுக்கி, சூளைக்குச் சுமப்பார்கள். ஏசுதாசன் தங்கபுஷ்பத்தின் கூடப்பிறந்த அண்ணன். பெண்சாதி இறந்தபின் மகள் பாக்கியத்தாயோடு சூளையை ஒட்டிய குடிசையில் இருந்தார். தங்கச்சி வீட்டுக்கும் அவர் குடிசைக்கும் நடுவே ஓர் ஓலைத்தட்டிதான் மறைப்பு.

இந்த அண்ணனை மன்னித்தவள் என்றுதான் தங்கபுஷ்பத்தைச் சபை முழுவதற்கும் தெரியும்.

ஒன்பது வருஷத்துக்கு முந்தி, ஐம்பத்துமூன்று ஆடியில், அவளுடைய ஆறு வயது மகன் தேவசகாயத்தை ஏசுதாசன் குற்றாலத்துக்குக் குளிக்கக் கூட்டிப்போனார். மலைமேல் பெய்த மழை சொல்லாமல் இறங்கியது. தண்ணீர் ஒரு நொடியில் காவியாக மாறி, கட்டையும் கல்லுமாக வந்தது. ஏசுதாசனின் கையிலிருந்து பையனின் கை நழுவிப்போனது. மறுநாள் இலஞ்சிக்கு அருகே சிற்றாற்றில் பிள்ளையை எடுத்தார்கள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் ஞாயிறு, கோயிலில் எல்லாரும் பார்க்கத் தங்கபுஷ்பம் எழுந்து நின்று, அண்ணனைத் தான் மன்னித்துவிட்டதாகச் சொன்னாள். குருவானவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பண்பொழிப் பக்கம் பிரசங்கத்துக்குப் போனபோதும் அவர் இதைச் சொன்னாராம். அதன்பிறகு எந்த வீட்டில் அண்ணன் தம்பி பேசாமலிருந்தாலும், சூளைக்காரத் தங்கபுஷ்பத்தைப் பார் என்பார்கள்.

அவளும் சொன்னபடி நடக்கிறவளாகத்தான் இருந்தாள். அண்ணனைச் சூளையை விட்டு அனுப்பவில்லை. மத்தியானம் கஞ்சிப்பானையைத் திறந்தால் முதல் கும்பா அவருக்கு. கருவாடு சுட்டால் நடுத்துண்டம் அவருக்கு. கிறிஸ்துமஸுக்குப் புருஷனுக்கு எடுக்கிற அதே வேட்டியை அவருக்கும் எடுப்பாள். விளக்கு வைத்ததும் நடக்கும் குடும்ப ஜெபத்தில் அவருக்காக மன்றாடாத நாளே இல்லை. "ஆண்டவரே, என் பிள்ளையின் கையை விட்டுவிட்ட என் அண்ணனுடைய பாவத்தை எண்ணாதேயும். தண்ணீர் வருவதைக் கண்டும் பிள்ளையைக் கரையேற்றாமல் நின்ற அவனுடைய அசட்டையை நினையாதேயும். நான் மன்னித்தேன், நீரும் மன்னியும்" என்று ஒவ்வொரு வார்த்தையாக, சத்தமாக ஜெபிப்பாள். தேவசகாயம் போன மறுவருஷம் பிறந்த ரெபேக்காளுக்கு எட்டு வயது. அவளுக்கு அந்த ஜெபம் மனப்பாடம். ஓலைத்தட்டிக்கு அந்தப் பக்கம் ஏசுதாசன் காலில் ஒட்டிய சேற்றைக் கழுவிக்கொண்டிருப்பார்.

முப்பிடாதி எதையும் மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். ஒருநாள் கல் சுமந்துகொண்டே கேட்டுவிட்டாள்.

"ஏக்கா, ஒங்க சாமிக்குக் காது கொஞ்சம் மந்தமோ?"

"ஏம்ட்டி?"

"இல்ல, அண்ணாச்சியை மன்னிச்சிரு மன்னிச்சிருன்னு தெனமும் சொல்லுதிய. ஒருக்கா சொன்னா அவருக்குக் கேக்காதா? எங்க சொடலைட்ட ஒரு தடவ சொன்னா அத்தோட சரி. மறுநாளும் போயி நின்னா, நேத்தே சொன்னேலாடின்னு ஏசிப்புடுவாரு."

தங்கபுஷ்பம் சிரித்தாள். மன்னிப்பது ஒருதரம் சொல்லித் தீர்கிற காரியமல்ல, தினமும் செய்யவேண்டியது, அதற்குக் கிருபை வேண்டும் என்று பொறுமையாக விளக்கினாள். விளக்கும்போது தன்மேலேயே அவளுக்கு ஒரு மதிப்பு வந்தது. முப்பிடாதி, "என்னவோ போங்க. எம் மாமியாள நான் தெனமும் மன்னிச்சேன்னா தெனமும் சண்டைதான் வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த நடைக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை, குருவானவருக்கு அடுத்தபடி சபையைக் கவனிக்கிற உபதேசியார் சைக்கிளில் வந்தார். ஞாயிறன்று திருவிருந்து, பீடத்தண்டையில் முழங்காலிட்டு அப்பமும் ரசமும் வாங்குகிற ஆராதனை. அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. திருவிருந்தில் சேருகிறவர்கள் முந்தியே உபதேசியாரிடம் பேர் கொடுக்கவேண்டும். பேரை எழுதுமுன் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: யாரோடாவது மனஸ்தாபம் உண்டா? உண்டென்றால், தீர்த்துவிட்டு வரச்சொல்லி அனுப்பிவிடுவார். தங்கபுஷ்பத்திடம் மட்டும் அவர் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வார். ஏசுதாசனோ ஒன்பது வருஷமாகப் பேர் கொடுக்கவில்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருவார். கடைசிப் பாயில் உட்காருவார். மற்றவர்கள் பீடத்துக்கு எழுந்து போகும்போது அவர் வெளியே போய்ப் புளியமரத்தடியில் நிற்பார். தங்கச்சி மன்னித்தும் இவர் மனம் இளகவில்லையே என்று சபையில் பேசிக்கொண்டார்கள். கல்நெஞ்சன் என்றுகூடச் சிலர் சொன்னார்கள்.

இந்தத் தடவை உபதேசியார் சிரிக்கவில்லை. பாக்கியத்தாய்க்குப் புளியங்குடியில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. கல்யாணத்துக்கு முந்தி மூன்று ஞாயிறு கோயிலில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஓலை வாசிக்கவேண்டும். இத்தனை வருஷம் திருவிருந்தை ஒதுக்கினவர் மகளுக்கு ஓலை வாசிப்பதில்லை என்று சபைக் கமிட்டியில் தீர்மானம் ஆகிவிட்டதாம். வருகிற ஞாயிறு ஏசுதாசன் பீடத்துக்கு வந்தால் சரி. இல்லையென்றால் அவர் பேரையே சபையிலிருந்து அடித்துவிடுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் கண்டிப்பானவர்கள், இதைப் பொறுக்கமாட்டார்கள். உபதேசியார் நயமாகவும் சொல்லிப் பார்த்திருந்தார், கெஞ்சியும் பார்த்திருந்தார். மகளுக்காகக்கூடத் தன்னால் வரமுடியாது என்று மட்டும் ஏசுதாசன் சொன்னாராம்.

நீ சொன்னால்தான் கேட்பார், உன்னைவிட யாருக்கு அந்த அதிகாரம் என்று தங்கபுஷ்பத்திடம் சொல்லிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் மறுபடி வருவதாக அவர் சைக்கிளை எடுத்தார்.

சூளைக்கு வியாழக்கிழமையே தீ வைத்திருந்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் ஏசுதாசன் சூளைவாயில் குந்தி விறகு தள்ளிக்கொண்டிருந்தார். நன்றாகப் பிடித்துவிட்ட சூளைக்குள் தீ ஆடாது. சிவந்த கல்லுக்கு நடுவே வெள்ளையாக, அசையாமல் நிற்கும். எட்டிப் பார்க்கிறவர்கள் தங்களையறியாமல் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். மேலே சாரல் தூவிக்கொண்டிருந்தது. சூளையின் மண்பூச்சில் விழுந்த துளியெல்லாம் விழுந்த இடத்திலேயே புகையாக எழுந்தது.

தங்கபுஷ்பம் கஞ்சியும் சுட்ட கத்திரிக்காய்த் துவையலும் கொண்டுவந்தாள். பின்னாலேயே ரெபேக்காள் சொம்பில் தண்ணீரோடு வந்தாள்.

"அண்ணே, உபதேசியாரு எல்லாம் சொன்னாரு."

"சொன்னாரா."

"பாக்கியத்துக்காவது வரக்கூடாதா? ஒருநா முழங்கால்ல நின்னா என்ன கொறஞ்சிரும்?"

"கொறையுறதுக்கு எங்கிட்ட என்னட்டி இருக்கு. அதை விடு. கஞ்சியை ஊத்து."

அவள் ஊற்றினாள். தாயில்லாத பெண்ணின் கல்யாணம் நின்றுபோனால் அவள் கதி என்ன என்று கேட்டாள். அவர் துவையலைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு தீயையே பார்த்தார்.

"நான் ஊரறிய மன்னிச்சிட்டேன். ஆண்டவரும் மன்னிச்சிருப்பாரு. பொறவு எதுக்கு இந்த வீம்பு? பிள்ளையப் பறிகுடுத்த நானே பீடத்துக்குப் போவுதேன். கைய விட்ட ஒனக்குப் போக முடியலியோ?"

ஏசுதாசன் கும்பாவைக் கீழே வைத்தார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் தப்பு செஞ்சவந்தான் தங்கம். அதை அன்னைக்கே ஆண்டவர்ட்ட சொல்லியாச்சு. அதுக்காவ நான் வெளிய நிக்கல. காணிக்கையோட பீடத்துக்குப் போறப்ப, நம்மமேல ஒருத்தருக்கு மனசுல குறை இருக்குன்னு நெனப்பு வந்தா, காணிக்கைய அங்கனயே வச்சிட்டு மொதல்ல அவுககூடச் சமாதானமாயிட்டு வான்னு சொல்லியிருக்காருல்லா. அதான் நிக்கேன்."

"ஒம்மேல யாருக்குக் குறை?"

அவர் ஒரு விறகை எடுத்துச் சூளைவாயில் தள்ளினார். மாமாவுக்குத் தண்ணீர் கொடுக்க ரெபேக்காள் சொம்போடு முன்னால் நகர்ந்தாள். நகர்ந்தவள் அப்படியே நின்றாள். ஏசுதாசன் அதைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமில்லை.

"பிள்ளைக்கு வலிக்கும்ட்டி. கைய விடு" என்றார்.

தங்கபுஷ்பம் குனிந்து பார்த்தாள். ரெபேக்காளின் மணிக்கட்டைத் தான் இறுக்கிப் பிடித்திருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. விரலை எடுத்ததும் நாலு தடம் வெளுத்துக் கிடந்தது. பிள்ளை அழவில்லை. பழகிப்போனவள்போல அந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

"எப்பவும் இப்படித்தானாட்டி பிடிப்பேன்?"

"மாமா பக்கத்துல இருந்தா மட்டும் பிடிப்பம்மா" என்றாள் ரெபேக்காள்.

தங்கபுஷ்பம் சூளையின் சூட்டையே உணராமல் நின்றாள். தன் மனசில் குறை ஆறாமல் கிடப்பது தெரிந்தும் ஏன் ஒன்பது வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"சொன்னா ஒன்னைய என்ன பேசுவாங்க? அந்த மன்னிப்பப் பிடிச்சிக்கிட்டுத்தான் நீ பாயவிட்டு எந்திரிச்ச. சோறு தின்ன. அதையும் ஒங்கிட்டருந்து பிடுங்கவா?"

தங்கச்சியை நல்லவள் என்று ஊர் சொல்வதற்காக, கல்நெஞ்சன் என்ற பேரை இந்த மனிதர் ஒன்பது வருஷம் சுமந்திருக்கிறார். மகளின் கல்யாணம் வரைக்கும் சுமந்திருக்கிறார். அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதற்குள் மழை வலுத்துவிட்டது. முப்பிடாதி களத்திலிருந்து எல்லாரையும் கூப்பிட்டாள். ஏசுவடியான் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். ஆளுக்கொரு முனையாக களத்தோரம் கிடந்த ஓலைத்தட்டிகளைத் தூக்கிப் பச்சைக்கல் வரிசைகளை மூடினார்கள். தங்கபுஷ்பம் கடைசி வரிசையில் முழங்காலிட்டுத் தட்டி பறக்காமல் கல் வைத்தாள். ஈரமண் வாசமும், குனிந்த முதுகில் விழுந்த மழையும், மேற்கே மலையை மறைத்துக் கருத்து நின்ற மேகமும் அவளை வேறொரு காலைக்குக் கொண்டுபோயின.

அன்றைக்கும் இதே களம்தான். அவள் கல் திருப்பிக்கொண்டிருந்தாள். குற்றாலத்துக்குப் போகணும் என்று தேவசகாயம் அழுதுகொண்டே அறுத்துவைத்த கல்லையெல்லாம் மிதித்தான். அண்ணன் மேற்கே பார்த்துவிட்டு, மலை கருத்துக் கிடக்கு, இன்னைக்கு வேண்டாம், நாளைக்குப் போவோம் என்றார். அவள் நிமிராமலே சொன்னாள், "தண்ணிக்குப் பயந்தவனெல்லாம் ஒரு தாய்மாமனா? இவன மொதல்ல இங்கனருந்து கூட்டிட்டுப் போ." அண்ணன் சிரித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

அவள் அதை மறந்தவளல்ல. தினமும் சாயங்காலம் ஜெபத்தில் கதையை அருவியிலிருந்து தொடங்கினாள். அருவியில் தொடங்கினால் அந்தக் காலை அதில் வரவேண்டியதில்லை. அண்ணனும் அதை யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளையைத் தேடியவர்களிடம் சொல்லவில்லை, குருவானவரிடம் சொல்லவில்லை, பிள்ளையின் தகப்பனிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் உபதேசியார் நனைந்துகொண்டு வந்தார். அவருக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். பேர் எழுதுமுன் ஜெபம் முடித்துவிடலாம் என்றாள். பிறகு ஓலைத்தட்டிப் பக்கம் போய், "அண்ணே, இங்கன வா" என்று கூப்பிட்டாள். ஒன்பது வருஷத்தில் அவரை அந்த ஜெபத்துக்கு அவள் கூப்பிட்டதில்லை. அவர் வாசற்படியில் வந்து நின்றார். பாக்கியத்தாய் அவர் பின்னால் நின்றாள்.

எல்லாரும் முழங்காலிட்டார்கள். "ஆண்டவரே, என் பிள்ளையின் கையை விட்டுவிட்ட" என்று வாய் பழக்கத்தில் தொடங்கிவிட்டது. அங்கேயே நிறுத்திக்கொண்டாள். மறுபடி பேசியபோது ஜெபத்தின் மொழி அவளிடம் இல்லை.

"அன்னைக்கு அண்ணன் வேண்டாம்னு சொன்னான் ஆண்டவரே. மலை கருத்திருக்குன்னு சொன்னான். நாந்தான் பழிச்சு அனுப்புனேன். அதச் சொல்லப் பயந்துக்கிட்டு ஒம்பது வருசமா அவனையே சொல்லிட்டிருந்தேன். நான் மன்னிக்கல. மன்னிச்சேன்னு நெனச்சுக்கிட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியல. நீரே பாத்துக்கிடும்."

ஏசுவடியான் இதைக் கேட்பது முதல் தடவை. அவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்தான். உபதேசியார் கண்ணை மூடியபடியே இருந்தார், திறக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. கடைசியில் ஏசுவடியான் எழுந்தார். மனைவியின் தலையில் ஒருதரம் கையை வைத்தார். பின்பு வாசலுக்குப் போனார்.

"நனையாதிய மச்சான். உள்ள வந்து உக்காருங்க" என்றார். அவர் கையைப் பிடித்து அழைத்துவந்து விளக்குக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்காரவைத்தார்.

உபதேசியார் பென்சிலை எடுத்தார். தங்கபுஷ்பத்தைப் பார்த்து, முதல் தடவையாக அந்தக் கேள்வியைக் கேட்டார். யாரோடாவது மனஸ்தாபம் உண்டா?

"இருந்துச்சுய்யா" என்றாள் அவள். "இப்ப இல்லன்னு எனக்குச் சொல்லத் தெரியல. அண்ணன்ட்டதான் கேக்கணும்."

ஏசுதாசன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், "ரெண்டு பேரு பேரையும் எழுதுங்கய்யா. ஒண்ணு பக்கத்துல ஒண்ணு எழுதுங்க."

எல்லாம் அந்த ஒரு சாயங்காலத்தில் நேராகிவிட்டது என்று சொல்லமுடியாது. சாப்பிடும்போது ரெபேக்காள் மாமாவை ஒட்டி உட்கார்ந்தாள். தங்கபுஷ்பத்தின் கை தானாக எழுந்தது. எழுந்த கையை அவள் இன்னொரு கையால் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டு, குழம்பு போதுமா என்று அண்ணனைக் கேட்டாள்.

ஞாயிறன்று மற்றவர்கள் பீடத்துக்கு எழுந்தபோது ஏசுதாசனும் எழுந்தார். வழக்கப்படி வெளியே போகிறார் என்று நினைத்து ஒருவர் வழிவிட்டார். அவர் வெளியே போகவில்லை. பீடத்தண்டையில் தங்கச்சிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, சேற்றால் வெடிப்போடிய உள்ளங்கைகளை விரித்தார். குருவானவர் அவற்றில் அப்பத்தை வைப்பதைத் தங்கபுஷ்பம் பார்த்தாள். அடுத்த ஞாயிற்றிலிருந்து ஓலை வாசிக்கலாம் என்று ஆராதனை முடிந்ததும் கமிட்டிக்காரர் ஒருவர் ஏசுதாசனிடம் வந்து தாழ்மையாகச் சொன்னார்.

திரும்பி நடக்கும்போது மழை விட்டிருந்தது. ஏசுவடியான் ரெபேக்காளையும் பாக்கியத்தாயையும் கூட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டார். மூன்று நாளாய் மறைந்திருந்த மலை முழுசாய், நீலமாய், மிகப் பக்கத்தில் வந்து நின்றது. அதன் மடிப்பில் குற்றாலத்து அருவி ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. ஒன்பது வருஷமாக அந்தப் பக்கம் அவள் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள்.

"அண்ணே."

"ம்."

"அன்னைக்கு என்ன நடந்துச்சு? நானே சொல்லிக்கிட்டிருந்தனே தவிர, ஒன்னைய ஒருநாளும் கேக்கலியே."

சாலையோரத்துப் புளியமரங்களிலிருந்து துளி விழுந்துகொண்டிருந்தது.

"வழியெல்லாம் எந்தோள்ல உக்காந்து வந்தான் தங்கம். கொய்யாப்பழம் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். அதக் குரங்கு பிடுங்கிட்டுப் போயிட்டு. அழுவான்னு பாத்தேன். சிரிச்சிட்டான். எந்தலமுடியப் பிடிச்சிக்கிட்டு அப்படிச் சிரிக்கான். பொறவு தண்ணிக்குக் கீழ போயி நின்னோம். அண்ணாந்து பாத்தான். பாத்துக்கிட்டே நின்னான். 'மாமா, இத மேலருந்து யாரு ஊத்துதா?'ன்னு கேட்டான். ஆண்டவருதாம்லேன்னேன். 'இம்புட்டையுமா?'ன்னான்."

தங்கபுஷ்பம் நடுச்சாலையில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரன் சத்தம் கொடுத்துவிட்டு விலகிப்போனான். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு மகன் பேசிய பேச்சு ஒன்று அவளுக்கு வந்து சேர்ந்திருந்தது. அவள் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொறவு?" என்றாள். "பொறவு என்ன சொன்னான்?"